மவுத்பீஸ் பிடியில் நிற்க மாட்டேன் என்கிறதா? கோளாறை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸைச் சீர்செய்யக் கைவைப்பவர்கள் எந்த அரம், எத்தனாம் நம்பர் உப்புத்தாள் என்று விடிய விடியப் பேசுவார்கள். அதை எதில் பிடித்து வைத்து வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் சுருங்கிவிடும்: கையில், இல்லாவிட்டால் வைஸில் ஒரு துணியைச் சுற்றி. அப்புறம் ஒரு பக்க ரெயில் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது, டேபிள் (ரீடு என்னும் அதிரும் தகடு படுத்திருக்கும் தட்டைப் பரப்பு) நடுவில் மேடாகிவிட்டது, நுனியில் சில்லு போய்விட்டது என்று புலம்பல் வரும். இதில் பலவும் அரத்தின் குற்றமே இல்லை. பொருள் அசைந்திருக்கும், அல்லது நீங்கள் இறுக்கிய இறுக்கில் பொருளே கொஞ்சம் வளைந்துகொடுத்திருக்கும்.

உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும், கீழே உள்ள எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகிறது. மவுத்பீஸ் முழுக்க ஒரே பலம் கிடையாது. கருவியின் நெக் குழாயில் ஒட்டிய கார்க் நுழைகிற பின்பகுதி, அதாவது ஷாங்க், ஒரு முழு வளையம்; ஆல்டோ, டெனர் வகைச் சாக்ஸபோன்களில் அதன் துளை 16 மி.மீட்டரை ஒட்டி இருக்கும். அதற்கு முன்னால் டேபிளின் பின்பாதி, அதுவும் சுற்றிலும் மூடியிருப்பதால் தாங்கும். ஜன்னல், அதாவது ரீடு மூடும் திறப்பு, தொடங்கும் இடத்தில் வளையம் அறுந்துபோகிறது. அங்கே குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'ப' எழுத்து மாதிரி இரண்டு சுவரும் ஒரு தரையும்தான், அந்தச் சுவர்களின் விளிம்புதான் ரெயில். நுனிக்குப் போகப் போகச் சுவரும் குறைந்து, கடைசியில் ஒரு மி.மீட்டருக்கும் குறைவான அகலத்தில் நுனி ரெயில் மட்டும் மிஞ்சும். ஆகவே பிடி ஷாங்கில் விழ வேண்டும், முடியாவிட்டால் ஜன்னலுக்குப் பின்னால். ஜன்னல் இருக்கும் நீளத்தில் பிடியே வேண்டாம்.

வைஸில் எவ்வளவு இறுக்கினாலும் சுற்றிக்கொள்கிறது, அல்லது முன்னால் நழுவுகிறது

வெளிப்புறம் உருண்டை, அதோடு நுனியை நோக்கிச் சரிந்து ஒடுங்குகிறது. இரண்டு தட்டையான தாடைகளுக்கு நடுவே அப்படி ஒரு பொருளை நெருக்கினால் அது நழுவாமல் என்ன செய்யும்? இன்னும் இறுக்குவது தீர்வு இல்லை, அடுத்த இரண்டு கோளாறுகளுக்கு அங்கேதான் விதை விழுகிறது.

வெளியே பிடிப்பதை விட்டுவிட்டு உள்ளே பிடியுங்கள். 25 மி.மீ. சதுரமான ஒரு கெட்டி மரத்துண்டை எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் 14 மி.மீ. உருண்டையாகக் கடைந்துகொள்ளுங்கள், மறுமுனை சதுரமாகவே இருக்கட்டும். உருண்டைப் பகுதியில் 1.5 மி.மீ. கார்க் தகட்டைச் சுற்றி ஒட்டினால் மொத்தம் 17 மி.மீ. வரும். பசை நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளை ஒரு பட்டையாகக் கிழித்து, கார்க்கின் மேல் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உங்கள் மவுத்பீஸ் லேசான முறுக்கோடு ஏறும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நெக்கில் ஏறும்போது கைக்கு என்ன இறுக்கம் தெரியுமோ அதைவிட ஒரு பிடி கூட, அதற்கு மேல் வேண்டாம். சதுர முனையை வைஸ் கவ்வும். மரம் சுற்றாது, கார்க் மவுத்பீஸைச் சுற்ற விடாது. இதில் கிடைக்கும் உபரி லாபம்: சதுரம் என்பதால் வைஸைத் தளர்த்தி ஒரு கால் திருப்பு திருப்பினால் டேபிள் மேலே, பக்கம், கீழே என்று சரியாக 90 பாகையில் வந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் கண்ணால் நிதானிக்க வேண்டாம்.

உருண்டைப் பகுதி துளைக்குள் 30 மி.மீ. போனால் போதும். துளைக்கு முன்னால் உள்ள சேம்பர் என்னும் உள்ளறை வரை நீட்டிக்கொண்டிருந்தால், பாஃபிளில் (நுனிக்குப் பின்னால் ரீடுக்கு எதிரே இருக்கும் உள்பரப்பு) வேலை செய்யும்போது அரத்தின் முனை போய் மரத்தில் முட்டும், அந்த முட்டல் திரும்பி நுனி ரெயிலில்தான் விழும்.

கூம்பாகச் சீவிய குச்சியைப் பலர் வைத்திருக்கிறார்கள், எந்த மவுத்பீஸுக்கும் பொருந்தும் என்பதால். பொருந்தும்தான், ஆனால் ஷாங்கின் வாயில் ஒரே ஒரு வட்டக் கோட்டில் மட்டும் தொடும். உள்பக்கம் காற்று. அதனால் நுனியில் அரம் பட்டவுடன் மொத்தமும் தலையாட்டும். எனக்கு அந்தக் கூம்புக் குச்சியின் மேல் நல்ல அபிப்பிராயமே கிடையாது. கருவியின் சொந்த நெக்கையே பிடியாகப் பயன்படுத்துவது அதைவிட மோசம்: மெல்லிய பித்தளைக் குழாய், வைஸில் நசுங்கும், மேலே அழுத்தினால் கீழ்நோக்கி வளையும், பிறகு கருவியின் சுருதியும் சாவிகளின் பொருத்தமும் சேர்ந்து கெடும்.

ஷாங்கில் மெல்லிய விரிசல் தெரிகிறது

பல மவுத்பீஸ்கள் எபனைட்டில் செய்தவை; எபனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். வெளியிலிருந்து நெருக்கினால் ஓரளவு பொறுக்கும், உள்ளிருந்து விரித்தால் பிளக்கும். அப்படி விரிக்கும் வேலையை மூன்று பேர் செய்வார்கள். ஒன்று, சுத்தியால் தட்டி ஏற்றிய கூம்புக் குச்சி. இரண்டு, போல்ட்டில் ரப்பர் வாஷர்களைக் கோத்து நட்டை முறுக்கினால் உப்பிக்கொள்ளும் பிடி; உலோக மவுத்பீஸுக்கு இது அருமையான சாதனம், எபனைட்டில் வேண்டவே வேண்டாம், நட்டின் ஒரு சுற்று எவ்வளவு விரிக்கிறது என்று கைக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை: தண்ணீர். தூசி பறக்காமல் இருக்க எபனைட்டை ஈரத்தில் தேய்க்கிறோம், ஈரம் ஷாங்குக்குள் இறங்கி மரம் உப்புகிறது, அதை அப்படியே இரவு முழுக்க வைஸில் விட்டுவிட்டுப் போகிறோம். காலையில் விரிசல். ஈரவேலை உண்டென்றால் மரத்துக்கு இரண்டு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து முனையையும் மூடுங்கள், இல்லாவிட்டால் மரத்துக்குப் பதில் அசெட்டால் பிளாஸ்டிக் தண்டோ அலுமினியத் தண்டோ வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் வேலை நின்றதும் மவுத்பீஸைக் கழற்றிவிடுவது நல்லது.

விரிசலா வெறும் கீறலா என்ற சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மேற்பரப்பைத் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரிசல் என்றால் ஈரம் கோடாக உள்ளே தங்கியிருக்கும், விரலால் லேசாக அழுத்தினால் கசியும். விரிசல் உறுதியானால் உள்ளே பிடிக்கிற எந்தப் பிடியும் இனி கூடாது. நன்றாகக் காயவிட்டு, நீர்த்த சயனோ பசையை (சூப்பர் க்ளூ) விளிம்பில் ஒரு துளி தொட்டுவைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நெக்கில் ஏற்றும்போது விரிக்கும் விசையை அந்தப் பசை மட்டும் தாங்காது, ஷாங்கின் மேல் ஓர் உலோக வளையம் போட வேண்டும். அதுவரை வெளிப்பிடிதான்.

வெளிப்பிடி எப்படி? ஒரு மரக்கட்டையில் ஷாங்கின் வெளிவிட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் துளை போட்டு, உள்ளே மெல்லிய தோலை ஒட்டி, துளையின் நடுவே ரம்பத்தால் கட்டையை இரண்டாக அறுத்துவிடுங்கள். ரம்பம் தின்ற இடைவெளிதான் இறுக்குவதற்கான இடம். இரண்டு பாதியும் ஷாங்கை முழு வட்டமாக அணைப்பதால் வைஸின் அழுத்தம் எங்கும் ஒரே புள்ளியில் குவியாது. வெளிவிட்டம் ஒவ்வொரு மாடலுக்கும் மாறும், எனவே இந்தக் கட்டைகள் நாளடைவில் ஒரு பெட்டி நிறையச் சேரும்.

வைஸில் இருக்கும்போது அளவு சரி, கழற்றினால் மாறிவிடுகிறது

இதுதான் ஆளைப் பைத்தியமாக்கும் கோளாறு. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் கேஜை டேபிளில் வைத்து, இடைவெளி பார்க்கும் மெல்லிய ஃபீலர் தகட்டை விட்டுப் பார்த்தால் இரண்டு ரெயிலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. மகிழ்ச்சியோடு கழற்றி மறுபடி அளந்தால் ஒரு பக்கம் அரை மி.மீ. முன்னால் போய் நிற்கிறது. சரி என்று மறுபடி வைஸில் மாட்டித் தேய்த்தால் மறுபடி அதே கதை, அதற்குள் டிப் ஓப்பனிங், அதாவது நுனிக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளி, வேறு மாறியிருக்கும்.

காரணம் முன்பே சொன்ன அந்த 'ப'. ஜன்னல் பகுதியில் இரண்டு பக்கமும் நெருக்கினால் சுவர்கள் உள்ளே சாய்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவுதான். சாய்ந்த நிலையிலேயே ரெயிலைச் சமமாகத் தேய்க்கிறீர்கள். விட்டதும் சுவர் பழைய இடத்துக்கு நிமிர்கிறது, நீங்கள் தேய்த்த சமம் சமமில்லாமல் போகிறது. 'கண்ணுக்குத் தெரியாத அளவு' என்பதை லேசாக நினைக்க வேண்டாம். ஃபேசிங் (ரெயில்கள் டேபிளிலிருந்து விலகி நுனிவரை வளையும் பகுதி) எங்கே தொடங்குகிறது என்று பார்க்கப் பயன்படுத்தும் மெல்லிய ஃபீலர் 0.0015 அங்குலம், அதாவது 0.038 மி.மீ. ஓட்டோ லிங்க் நிறுவனத்தின் டெனர் மவுத்பீஸில் டிப் ஓப்பனிங் எண் 7க்கும் 7 நட்சத்திரத்துக்கும் உள்ள வித்தியாசமே 0.100 அங்குலத்துக்கும் 0.105 அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், 0.13 மி.மீ. கூட முழுதாக இல்லை. வாசிப்பவர் அதை ஊதின உடனே கண்டுபிடிப்பார்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். வேலை தொடங்கும் முன்பே, அரத்தைத் தொடுவதற்கு முன்பே, மவுத்பீஸை உங்கள் வழக்கமான பிடியில் மாட்டி, கண்ணாடியை வைத்து 0.0015 ஃபீலரை உள்ளே விட்டு, அது நிற்கும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியையும் ஃபீலரையும் அசைக்காமல் வைஸைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஃபீலர் இடம் மாறினால், முன்னே விழுந்தாலும் சரி பின்னே தள்ளப்பட்டாலும் சரி, அந்தப் பிடி ரெயில் வேலைக்கு உதவாது. ஷாங்கைப் பிடிக்கும் கார்க் குச்சியில் இதே சோதனையைச் செய்தால் ஃபீலர் நகராது.

பிடி சரியாக இருந்தும் அளவு ஓடுகிறது என்றால் இரண்டு இடம் பாருங்கள். தேய்த்த சூடு ஆறும் முன் அளக்கிறீர்களா? எபனைட்டுக்கு அது ஆகாது, கொஞ்சம் வைத்துவிட்டு அளங்கள். அல்லது அளக்கும்போது ஃபீலரைத் தள்ளுகிறீர்களா? அது தன் எடையில் இறங்கி நிற்க வேண்டும், அதற்கு மவுத்பீஸ் ஒவ்வொரு முறையும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். கையில் பிடித்து அளந்தால் சாய்வு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். நுனி மேலே பார்க்கும்படி குச்சியை வைஸில் நிறுத்திவைத்து அளந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

டேபிளைத் தட்டையாக்கப் போனால் மேடாகிறது

இங்கே மட்டும் குச்சியைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி டேபிளைத் தேய்க்கும்போது நீளமான கைப்பிடி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் தள்ளும்போது நுனி அழுந்தும், இழுக்கும்போது பின்பக்கம் அழுந்தும், முடிவில் டேபிளின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிற்கும். விசை தாளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு ஆட்டம் குறையும். கட்டைவிரலும் நடுவிரலும் உடம்பின் இரண்டு பக்கமும் தாழ்வாக, கிட்டத்தட்டத் தாளை உரசும் உயரத்தில். சுட்டுவிரல் டேபிளின் நடுவுக்கு நேர்மேலே, அதுவும் சும்மா தொட்டபடி. ஜன்னலுக்கு மேல் விரலே வேண்டாம். வழுக்கினால் விரல் படும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று போதும்.

ஒரே திசையில் இழுங்கள், தூக்கி வைத்து மறுபடி இழுங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவதுதான் ஆட்டத்தையே உண்டாக்குகிறது. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மவுத்பீஸைத் திருப்பிப் பிடித்தால் கையின் ஓரவஞ்சனை ஒரே பக்கம் சேராது. தொடங்கும் முன் டேபிள் முழுக்க மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டு முதல் இழுப்புக்குப் பிறகு திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் மை போய் நடுவில் மட்டும் இருந்தால் டேபிள் ஏற்கெனவே குழி. நடுவில் மட்டும் மை போனால் அது மேடு, இனிமேல்தான் ஜாக்கிரதை வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் போனால் உங்கள் கை சாய்கிறது. தாள் சுருங்கியிருந்தாலோ கண்ணாடி மெல்லியதாக இருந்து அடியில் மேசை சமமில்லாமல் இருந்தாலோ எந்தக் கையும் உதவாது, 6 மி.மீட்டருக்குக் குறையாத கண்ணாடி நல்லது.

டேபிளிலிருந்து போவது ஃபேசிங்கிலிருந்தும் போகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்: டேபிள் இறங்க இறங்க ஃபேசிங் குட்டையாகும், டிப் ஓப்பனிங் குறையும். எனவே மை அழிந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்த வேண்டும், ஆசைக்கு இன்னும் இரண்டு இழுப்பு கிடையாது.

அரம் பட்டதும் கடகடவென்று அதிர்கிறது, பரப்பில் அலை அலையாகத் தடம்

ஷாங்கில் பிடித்தால் நுனி அந்தரத்தில் நிற்கும், அதற்கான விலை இது. கீழே ஒரு முட்டு கொடுக்க வேண்டும். டேபிள் மேலே பார்க்க மாட்டியிருந்தால் ஊதும்போது மேல்பல் படும் அந்தச் சரிவு, அதாவது பீக், கீழே வரும்; அதன் சரிவுக்கு ஏற்ப ஒரு மர ஆப்பைச் சீவி, மேலே கார்க் ஒட்டி, வைஸின் ஓரத்திலிருந்து அடியில் மெதுவாக நுழைத்து, தொட்டதும் நிறுத்திவிடுங்கள். தூக்கிப் பிடிக்கும் அளவுக்குத் தள்ளினால் நுனி மேலே வளையும், மறுபடி பழைய கதை. அதிர்வு போகாவிட்டால் அரம் பெரிதாக இருக்கலாம், அல்லது குச்சியின் கார்க் தேய்ந்திருக்கலாம். கார்க்கைச் சந்தேகப்படுவதுதான் என் முதல் வேலை.

நுனியில் சில்லு போகிறது

நுனி ரெயில் உடைவது தேய்க்கும்போது அல்ல, கருவியை வெளியே எடுக்கும்போது. பாஃபிளில் ஊசி அரத்தை விட்டு வேலை முடித்து, கை மேலே வரும் நேரம் அரத்தின் தண்டு உள்பக்கமிருந்து ரெயிலைத் தட்டும். தண்டில் டேப் சுற்றிவையுங்கள், வேலை செய்யும் அரை அங்குலம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். நுனி எப்போதும் வைஸின் இரும்புத் தாடைக்கு வெளியே, உங்களைப் பார்த்து இருக்கட்டும். மேல்பக்கத்திலோ ஷாங்கிலோ வேலை செய்கிறீர்கள் என்றால் பயன்படாத பழைய ரீடை நுனி மறையும்படி வைத்து, ரீடைக் கட்டும் பட்டையான லிகேச்சரால் கட்டிவிடுங்கள், கை தவறி ஏதாவது பட்டால் ரீடு வாங்கிக்கொள்ளும். கீழே மடித்த துண்டு ஒன்று விரித்திருப்பதும் நல்லது.

தாடையின் தடம், பூச்சில் கீறல்

தோல் நல்லதுதான், ஆனால் பழைய தோலில் உலோகத்துகள் புதைந்திருக்கும், அதுவே உப்புத்தாளாகிவிடும். தடவிப் பார்த்துத் தூக்கி எறியுங்கள். வெள்ளிப் பூச்சுள்ள மவுத்பீஸுக்கு ரப்பர் தகடு வேண்டாம், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும், கார்க் போதும். உலோக மவுத்பீஸின் மேலே பல் படும் இடத்தில் ஒட்டியிருக்கும் துண்டைப் பிடியின் அழுத்தத்திலிருந்தும் சூட்டிலிருந்தும் தள்ளிவையுங்கள், பசை விட்டுவிடும். பித்தளையில் ஈயம் கலந்திருப்பது சகஜம் என்பதால் அதன் தூசிக்கும், எபனைட் தூசிக்கும், முகமூடி கட்டாயம்.

பஃப் சக்கரம் பிடுங்கி எறிகிறது

பஃப் என்பது மெருகேற்றும் துணிச் சக்கரம். சக்கரத்தின் முன்பக்கம் கீழ்நோக்கி ஓடுகிறது. நுனி மேலே இருந்தால் துணி விளிம்பைக் கவ்விப் பிடுங்கும். நுனி கீழே இருந்தால் விளிம்பைத் தாண்டி வழுக்கிப் போய்விடும். ஆகவே நுனி கீழே, சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே, நடு உடம்பிலிருந்து விளிம்பு நோக்கி. கார்க் குச்சி இங்கே நல்ல கைப்பிடி, ஆனால் இறுக்கம் சரிதானா என்று ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். கையுறையும் சுற்றிய துணியும் கூடாது, சக்கரம் துணியோடு விரலையும் சேர்த்து இழுக்கும். டேபிளையும் ரெயிலையும் பஃப்பில் காட்டவே வேண்டாம், விளிம்பெல்லாம் மழுங்கிவிடும்.

எந்தப் பிடியிலும் அடங்காத வடிவம்

சுடுநீரில் இளகி ஆறியதும் கெட்டியாகும் வார்ப்புப் பிளாஸ்டிக் குருணை இதற்குத்தான். மவுத்பீஸின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சுற்றிவிட்டு, இளகிய உருண்டையை ஷாங்கைச் சுற்றி அழுத்தி, வெளிப்பக்கத்தை இரண்டு பலகைக்கு நடுவே தட்டையாக்கினால் வைஸ் பிடிக்க வசதியாக இருக்கும். மவுத்பீஸைச் சுடுநீரில் போடாதீர்கள், பிளாஸ்டிக்கை மட்டும் போடுங்கள். எபனைட் சூட்டில் நிறம் மாறும், கூடினால் கோணலாகும்.

வேலை முடிந்தது, குச்சியிலிருந்து கழலவில்லை

பீக்கைப் பிடித்து முறுக்கும் ஆசை வரும். கூடாது. ஷாங்கை முழுக் கையால் பிடித்து, இழுக்காமல் முதலில் சுற்ற மட்டும் பாருங்கள், ஒரு நூலிழை சுற்றிவிட்டால் பிறகு சுற்றிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். கை வழுக்கினால் ஒரு ரப்பர் கையுறைத் துண்டு. மரம் ஈரத்தில் உப்பியிருந்தால் எண்ணெயும் சூடும் தட்டலும் எதுவும் வேண்டாம், காற்றாடும் இடத்தில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள், மரம் தானே சுருங்கும். அதற்கும் அசையவில்லை என்றால் குச்சியைத் தியாகம் செய்யுங்கள்: ஷாங்குக்கு வெளியே அறுத்துவிட்டு, நடுவில் சிறிய டிரில்லால் துளைத்து, துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கினால் மிச்ச மரம் உள்பக்கமாக மடிந்து விழும். அடுத்த குச்சிக்குக் கார்க் ஒட்டியதும் கொஞ்சம் கார்க் கிரீஸ் தடவிவையுங்கள்.